ஓக் மரம் கற்றுத் தந்த வியாபாரப் பாடம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கொள்கலன் ஓக் பலகை என் கையைச் சுட்டது. ஹோட்டல் ஒன்றின் தரைக்கு ஓக் பலகைதான் வேண்டுமென்று ஒப்பந்தக்காரர் ஒருவர் பிடிவாதமாக நின்றார். தேக்கையும் முதிரையையும் பலாவையும் அறிந்த எனக்கு ஓக் புதிது. ஆனாலும் பெரிய ஓடர். விட மனம் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்த ஒரு முகவர் ஊடாக ஏற்பாடு செய்து, எல்.சி. திறந்தேன். தரம் பற்றி ஓடர் தாளில் நான் எழுதியது இரண்டே சொற்கள்: "முதல்தர ஓக்."

சரக்கு வந்து கொள்கலனைத் திறந்தபோது பாதிப் பலகைகளில் வைரத்தோடு வெள்ளையும் ஒட்டியிருந்தது. கணுக்கள் ஏராளம். நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முறைப்பாடு செய்தேன். "எந்தத் தரம் என்று உங்கள் ஓடரில் குறிப்பிடப்படவில்லையே" என்று பதில் வந்தது. அவர் நியாயமாக நடந்தாரா என்பது வேறு விடயம். தாளின்படி அவர் சொன்னது சரி. "முதல்தரம்" என்பது நான் நினைத்துக்கொண்ட சொல். அவர்களுடைய வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி கிடையாது. ஒப்பந்தக்காரர் சரக்கை ஏற்கவில்லை. மொரட்டுவையில் தளபாடம் செய்பவர்களுக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துக் கையைக் கழுவினேன்.

நட்டம் போனது போனதுதான். ஆனால் அந்த மரத்தை ஐரோப்பியர் தங்களுக்குள் எப்படி வாங்கி விற்கிறார்கள், எத்தனை காலமாக விற்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இது மரத்தின் கதை மட்டுமல்ல, எல்லா வியாபாரத்துக்கும் பொதுவான கதை என்று விளங்கியது. அரிசி விற்பவருக்கும் துணி விற்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

வன்மரமும் மென்மரமும்

முதலில் ஒரு விளக்கம். ஐரோப்பாவில் மரம் இரண்டு வகை. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். ஓக், பீச், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்கள் வன்மரம். அளவில் பார்த்தால் மென்மரத்தின் வியாபாரமே மிகப் பெரியது. அது சுவீடன், பின்லாந்து போன்ற வடக்கு நாடுகளின் கையில் இருக்கிறது. வன்மரம் அளவில் குறைவு. ஆனால் ஒரு கன மீற்றருக்குக் கிடைக்கும் பணம் அதிகம். பிரான்ஸ், ஜேர்மனி, குரோஷியா, ருமேனியா, போலந்து, உக்ரேன் ஆகியவை இதில் பேர்போன நாடுகள். நமது கணக்கில் ஒரு கன மீற்றர் என்பது 35 கன அடிக்குச் சற்று அதிகம்.

சத்தியம் செய்த தரம்பிரிப்பாளர்கள்

ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓக் பலகை போல்டிக் கடற்கரையிலிருந்தே வந்தது. இன்றைய போலந்து, லித்துவேனியா பகுதிகளின் அடர்ந்த காடுகளில் மெதுவாக வளர்ந்த மரம். நேரான இழை, நெருக்கமான வளையம். காட்டில் வெட்டி, விஸ்துலா போன்ற ஆறுகளில் மிதக்க விட்டு, டான்சிக் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த ஊர் இன்று கதான்ஸ்க் என்று அழைக்கப்படுகிறது. அங்கிருந்து கப்பலில் ஒல்லாந்துக்கும் பிளாண்டர்ஸ் பகுதிக்கும் இங்கிலாந்துக்கும் போகும். அக்காலத்து ஒல்லாந்த, பிளெமிஷ் ஓவியர்கள் படம் வரைந்த பலகைகளின் வளையங்களை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை போல்டிக் ஓக் என்று தெரியவந்தது.

காட்டுச் சொந்தக்காரரான போலந்துப் பிரபுவுக்கு அம்ஸ்டர்டாம் வியாபாரியைத் தெரியாது. அம்ஸ்டர்டாம் வியாபாரி அந்தக் காட்டைக் கண்டதே இல்லை. இருவருக்கும் நடுவில் நின்றவர்கள் டான்சிக் நகரத்து வணிகர்கள். வெளியூர் வியாபாரி தங்கள் நகரத்தில் இன்னொரு வெளியூர் வியாபாரியிடம் நேரடியாக வாங்க முடியாதபடி அவர்கள் தடுத்து வைத்திருந்தார்கள். இது அவர்களின் சுயநலம்தான். ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு பெரிய சேவையையும் செய்தார்கள்.

போல்டிக் துறைமுகங்களில் மரத்தைத் தரம் பிரிப்பதற்கென்றே சத்தியப்பிரமாணம் செய்த உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். அவர்கள் விற்பவரின் ஆளும் அல்ல, வாங்குபவரின் ஆளும் அல்ல. ஒவ்வொரு பலகையையும் பார்த்து, நல்லதை "கிரவுன்" என்றும், குறையுள்ளதை "பிராக்" என்றும், அதிலும் குறைந்ததை "பிராக்கின் பிராக்" என்றும் பிரிப்பார்கள். கழிவுச் சரக்குக்கும் ஒரு பெயர், ஒரு விலை. எதுவும் மறைக்கப்படவில்லை. ஆகவே லண்டனில் இருப்பவர் சரக்கைக் காணாமலே "டான்சிக் கிரவுன்" என்று கேட்டு வாங்க முடிந்தது.

வாங்கும் பக்கத்திலும் இதே ஒழுங்கு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ட்வேர்ப் நகரத்துப் பலகை செய்வோர் சங்கம், வெள்ளையும் பிளவும் இல்லாத பலகைகளுக்கு மட்டும் பின்பக்கத்தில் நகர முத்திரையைச் சுட்டுப் பதித்தது. ஒரு கோட்டையும் இரண்டு கைகளும் கொண்ட அந்த முத்திரையை இன்றும் பழைய ஓவியங்களின் பின்புறத்தில் காணலாம்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டுக்காரர்கள் எழுதி வைத்துச் செய்ததை, 21ஆம் நூற்றாண்டில் மின்னஞ்சலும் தொலைபேசியும் வைத்துக்கொண்டு நான் செய்யவில்லை.

டென்மார்க் அரசரின் தீர்வை

போல்டிக் கடலிலிருந்து வெளியே வரும் கப்பல்கள் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீரிணையைக் கடக்க வேண்டும். அங்கே ஹெல்சிங்கர் என்ற இடத்தில் டென்மார்க் அரசர் 1429ஆம் ஆண்டளவிலிருந்து தீர்வை வாங்கினார். 1857இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பிற்காலத்தில் சரக்கின் பெறுமதிக்கேற்பத் தீர்வை அறவிடப்பட்டது. பெறுமதியைக் கப்பல் தலைவரே சொல்லலாம். யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள அரசருக்கு உரிமை உண்டு!

தீர்வைக்குப் பயந்து விலையைக் குறைத்துச் சொன்னால் சரக்குப் போய்விடும். கூட்டிச் சொன்னால் வீணாகத் தீர்வை கட்ட வேண்டும். ஆகவே உண்மை விலையைச் சொல்வதே லாபம். நமது சுங்கத்தில் பெறுமதி குறித்து நடக்கும் இழுபறிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

காடில்லாத நாட்டில் மர ஆலைகள்

அடுத்த பாடம் ஒல்லாந்துடையது. ஒல்லாந்தில் பெரிய காடுகள் இல்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மரச் சந்தையாக அந்த நாடுதான் விளங்கியது. எப்படி?

1594ஆம் ஆண்டளவில் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்சூன் என்ற ஒல்லாந்தர் காற்றாலையின் சுழற்சியை வாளின் மேல்கீழ் அசைவாக மாற்றும் மர ஆலையை உருவாக்கினார். இரண்டு பேர் நாட்கணக்கில் அரிய வேண்டிய மரத்தைக் காற்று சில மணித்தியாலங்களில் அரிந்து தந்தது. அம்ஸ்டர்டாம் நகரத்துக் கைவாள் தொழிலாளர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. பிழைப்புப் போய்விடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஆலைகள் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த ஸான் ஆற்றங்கரைக்குப் போய்விட்டன. தொழிலும் அவற்றோடு போனது. ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1697இல் கப்பல் கட்டும் தொழிலைப் பார்க்கப் போனது அந்த ஸான்டாம் ஊருக்குத்தான்.

சரக்கு போல்டிக்கிலிருந்து மட்டும் வரவில்லை. ஜேர்மனியின் காடுகளிலிருந்து ரைன் ஆற்றின் வழியாகவும் வந்தது. பச்சை ஓக் கனமானது, தண்ணீரில் தாழ்ந்துவிடும். அதனால் இலகுவான மரங்களோடு சேர்த்துக் கட்டி மிதக்க விடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்தத் தெப்பங்கள் பல நூறு மீற்றர் நீளமாக இருந்தன. ஒரு தெப்பத்தில் நானூறு, ஐந்நூறு பேர் வேலை செய்தார்கள். அதன் மேலேயே குடிசைகளும் சமையற்கூடமும் இருந்தன. டோர்ட்ரெக்ட் நகரத்தை அடைந்ததும் தெப்பத்தைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு ஆட்கள் ஊர் திரும்புவார்கள்.

காடு வைத்திருந்தவர் குற்றியை விற்றார். ஒல்லாந்தர் பலகையையும் கப்பலையும் விற்றார். யாருக்கு அதிக லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கப்பல்களில் ஒரு பகுதி நமது காலிக்கும் கொழும்புக்கும் வந்து நின்றன. 1629இல் அவுஸ்திரேலியாவுக்கு அருகில் மூழ்கிய "பட்டாவியா" என்ற ஒல்லாந்தக் கம்பனிக் கப்பலின் மரத்தை ஆராய்ந்தபோது, அது போல்டிக் பகுதியிலும் வட ஜேர்மனியிலும் வளர்ந்த ஓக் என்று தெரியவந்தது. நமது தச்சரை இன்றும் "பாஸ்" என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதுதான்.

கப்பலுக்கு நட்டது பீப்பாய்க்குப் போனது

ஒரு போர்க்கப்பலுக்கு எவ்வளவு மரம் வேண்டும்? சுவீடனின் "வாசா" கப்பலுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. 1628இல் முதற் பயணத்திலேயே அது துறைமுகத்தில் கவிழ்ந்து மூழ்கியது. 1765இல் நீரில் இறக்கப்பட்ட பிரித்தானியாவின் "விக்டரி" கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள். பெரும்பாலும் ஓக். இப்படி வெட்டினால் காடு தாங்குமா?

பிரான்சின் அமைச்சர் கொல்பேர் 1669இல் காடுகளுக்கான கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கடற்படைக்கு எதிர்காலத்தில் ஓக் வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. சுமார் 10,600 ஹெக்டயர் பரப்புள்ள துரோன்சே காடு அக்காலத்தில் சீரமைக்கப்பட்ட காடுகளில் புகழ்பெற்றது. 1807இல் பிரித்தானியர் தமது கப்பல்களைக் கைப்பற்றிச் சென்ற பின்னர் டென்மார்க்கும் ஓக் கன்றுகளை நட்டது. சுவீடனோ 1830களில் விசிங்சோ தீவில் மூன்று இலட்சம் ஓக் கன்றுகளை நட்டது.

ஆனால் ஓக் முற்றுவதற்குள் உலகம் மாறிவிட்டது. 1859இல் பிரான்ஸ் இரும்புக் கவசக் கப்பலை நீரில் இறக்கியது. 1860இல் பிரித்தானியா முழு இரும்பு உடல் கொண்ட போர்க்கப்பலையே இறக்கியது. விசிங்சோ மரங்கள் தயாராகிவிட்டன என்று 1975இல் சுவீடன் கடற்படைக்குக் கடிதம் போனதாம். கடற்படைக்கு அப்போது மரம் எதற்கு?

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் நட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். நட்ட நோக்கம் தவறினாலும் மரம் வீணாகவில்லை. கொல்பேர் காலத்து ஏற்பாட்டின் பலனை இன்று பீப்பாய் செய்பவர்கள் அனுபவிக்கிறார்கள். மதுவை ஊற்றி வைக்கும் பீப்பாய்க்குப் பிரெஞ்சு ஓக்கைத் தேடி உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். அந்தச் சரக்கு நமக்கு வேண்டாதது. ஆனால் மரக் கணக்கு அறிய வேண்டியது. பீப்பாய்க்கான மரத்தை இழையோடு பிளக்க வேண்டும். குறுக்கே அரிந்தால் ஒழுகும். குற்றியின் பெரும்பகுதி கழிந்துவிடும். அதனால்தான் விலை உச்சத்தில் நிற்கிறது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோட்ரே டாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோதும், திருத்த வேலைக்கு வேண்டிய சுமார் 2,000 ஓக் மரங்களை பிரான்ஸ் தன் நாட்டுக் காடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஒரு பெட்டியில் 36 கதிரைகள்

ஓக்கின் பக்கத்தில் பீச் நெடுங்காலம் ஏழை மரமாகவே இருந்தது. மழையில் நின்றால் உளுத்துவிடும். கப்பலுக்கு உதவாது. விறகுக்கும் கரிக்கும் போனது.

மிக்காயேல் தோனெட் என்ற தச்சர் பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையைக் கையாண்டார். காட்டை நகரத்துக்குக் கொண்டுவராமல், தொழிற்சாலையைக் காட்டுக்குக் கொண்டுபோனார். 1856இல் மொராவியாவின் பீச் காடுகளுக்கு நடுவே ஆலையை அமைத்தார். இன்று அந்தப் பகுதி செக் நாட்டில் இருக்கிறது. 1859இல் வெளிவந்த அவருடைய 14ஆம் இலக்கக் கதிரை ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணிகள், இரண்டு சுரைகள் ஆகியவற்றால் ஆனது. ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் பிரித்து அடுக்கப்பட்டன. போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். 1930ஆம் ஆண்டுக்குள் சுமார் ஐந்து கோடிக் கதிரைகள் விற்பனையாகின.

மரம் மாறவில்லை. அதே பீச்தான். அறிவு சேர்ந்தது, கப்பல் கூலி குறைந்தது, விலை ஏறியது. பிற்காலத்தில் இத்தாலியின் மன்சானோ பகுதியும் இதே வழியில் கதிரைக்குப் பேர் பெற்றது. மரத்தைப் பக்கத்து நாடுகளில் வாங்கி, கதிரையாக்கி ஐரோப்பா முழுவதற்கும் விற்றது. ஆனால் 2000களில் சீனாவின் மலிவான கதிரைகள் வந்தபோது அங்கும் பல பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு காலத்தில் கிடைத்த வெற்றி எல்லாக் காலத்துக்கும் உத்தரவாதம் அல்ல.

குற்றியா? பலகையா?

இந்தப் பழைய கேள்விதான் இன்றும் ஐரோப்பாவைப் பிரித்து வைத்திருக்கிறது. சீனா தனது இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதைப் படிப்படியாக நிறுத்தி, 2017இல் முழுமையாகத் தடுத்தது. சீன வியாபாரிகள் பிரான்சுக்கு வந்து ஓக் குற்றிகளை நல்ல விலைக்கு அள்ளிச் சென்றார்கள். காட்டுச் சொந்தக்காரருக்குச் சந்தோஷம். மர ஆலைக்காரருக்கு அரிய மரமில்லை. 2015இலிருந்து அங்கே, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே அரியப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அரச காட்டு ஓக் விற்கப்படுகிறது. இவ்வளவு காடு இருந்தும் தளபாடத்தையும் காகிதத்தையும் பெருமளவில் இறக்குமதி செய்வதால், பிரான்சின் மர வணிகம் பல வருடங்களாகப் பற்றாக்குறையில் நிற்கிறது.

உக்ரேன் 2015இல் குற்றி ஏற்றுமதிக்குப் பத்து வருடத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை எதிர்த்து வழக்காடியது. 2020 டிசம்பரில் வந்த நடுவர் தீர்ப்பு, அந்தத் தடை உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்றது. குரோஷியா 2017இல் ஓக் இலையைத் தாக்கும் பூச்சியைக் காரணம் காட்டித் தற்காலிகமாகக் குற்றி ஏற்றுமதியை நிறுத்தியது. ஒவ்வொருவரும் சொல்லும் காரணம் வேறு. உள்ளே இருப்பது ஒரே கணக்கு: அரியும் வேலையும் அதன் லாபமும் எந்த நாட்டில் தங்குவது?

2022இல் ரஷ்யா உக்ரேன் மீது முழு அளவில் படையெடுத்ததும் கணக்கு மீண்டும் மாறியது. அந்த மார்ச்சில் பெலாருஸ் மரத்துக்கும் ஏப்ரலில் ரஷ்ய மரத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. கிழக்கிலிருந்து வந்த ஓக் குறைந்தது. விலை பாய்ந்தது. ஒரே வாசலை நம்பியிருந்த பலகை ஆலைகள் தடுமாறின. பல இடங்களில் வாங்கிப் பழகியவர்கள் தப்பித்தார்கள்.

மரத்தோடு வரும் தாள்

இன்று ஐரோப்பாவில் மரத்தின் தரம் மட்டும் போதாது. பிறந்த இடமும் தெரிய வேண்டும். ருமேனியக் காடுகளில் களவாக மரம் வெட்டுவது எவ்வளவு கொடூரமானது என்பதற்கு, 2019இல் அங்கே வனக்காவலர் இருவர் கொல்லப்பட்டதே சாட்சி. 2013 மார்ச் 3 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டத்தின்படி, மரத்தை முதலில் சந்தைக்குக் கொண்டுவருபவர் அது என்ன மரம், எந்த நாட்டில் வெட்டியது, யாரிடம் வாங்கியது என்று காட்ட வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் இன்னும் கடுமையானது. மரம் நின்ற நிலத்தின் அமைவிடத்தையே கேட்கிறது. 2020 இறுதிக்குப் பின்னர் காடழித்த நிலமாக அது இருக்கக்கூடாது. அதை நடைமுறைப்படுத்தும் திகதி ஒரு தடவைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் போகும் திசை தெளிவு.

இது நமக்கும் தொடர்புள்ள விடயம். அந்தச் சட்டம் மரத்தோடு இறப்பரையும் சேர்த்தே பேசுகிறது. நமது இறப்பரும் இறப்பர் மரத் தளபாடமும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். சிறு தோட்டக்காரரிடம் வாங்குபவர்கள் இப்போதே பதிவேடு வைத்துப் பழக வேண்டும். பின்னர் அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

நாம் என்ன செய்யலாம்?

நமது நாட்டில் 1990இலிருந்து இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கிறது. தோட்ட மரம், வீட்டு வளவு மரம், இறக்குமதி மரம். இவைதான் நமக்குள்ள வழி. இறக்குமதி செய்பவர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு சொல்கிறேன்.

முதலாவது, தரத்தை அவர்களுடைய மொழியில் எழுதுங்கள். அரிந்த ஓக், பீச் பலகைகளுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 975-1 என்ற நியமம் இருக்கிறது. ஓக்கின் குறியீடு "கியூ" என்ற எழுத்தில் தொடங்கும், பீச்சின் குறியீடு "எஃப்" என்ற எழுத்தில் தொடங்கும். அதைக் கேட்டு எழுதுங்கள். வெள்ளை எவ்வளவு அனுமதி, நீளம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு என்பதும் தாளில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஈரப்பதன். ஐரோப்பிய வீட்டுக்காக நூற்றுக்கு எட்டு, பத்து என்ற அளவுக்கு உலர்த்திய பலகை, கொழும்பின் ஈரக்காற்றில் ஊதும். தரையில் இறுக்கமாக அடித்தால் மேலே கிளம்பும். என்ன அளவு வேண்டும் என்று எழுதுவதோடு, வந்த பலகையை நமது காற்றில் சில வாரங்கள் அடுக்கி வைத்துப் பாவியுங்கள்.

மூன்றாவது, கப்பலில் ஏறுமுன் இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் சரக்கைப் பார்க்கட்டும். அன்றைய டான்சிக் உத்தியோகத்தர் செய்த வேலையை இன்று கூலிக்குச் செய்து தரும் பரிசோதனை நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கூலி எனக்கு ஏற்பட்ட நட்டத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

நான்காவது, பலகையாகவே விற்க வேண்டுமா என்று யோசியுங்கள். கதவாக, படியாக, கதிரையாக விற்றால் அதே மரத்தில் இன்னொரு லாபம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கணினியில் வரைகிறார்கள், மொரட்டுவையில் கைத்திறன் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

அண்மையில் மகன் ஒரு சிறிய ஓக் ஓடர் தயாரித்தான். நான் திருத்திக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இரண்டு பக்கம் வந்துவிட்டதே, இவ்வளவும் எழுத வேண்டுமா?" என்று கேட்டான். இரண்டு சொல் எழுதி நான் கொடுத்த விலை அவனுக்குத் தெரியும். பிறகு ஒன்றும் பேசாமல் அனுப்பிவிட்டான்.